அத்தியாயம் 7: திருகும் முன் பெயரைக் கேளுங்கள்

ஹிஞ்சவடியில் கணினி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிம்ப்ரியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். காரைக்குடியில் தாத்தா வைத்திருந்த அம்பாசிடரை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து மூன்று மாதம் ஆகிறதாம். "மாமா, அந்தத் திருகை உள்ளே முட்டவிட்டு ஒன்றரை சுத்து வெளியே எடுத்தா ஐடிலிங் நிக்கும்னு வீடியோவுல சொன்னாங்க. எடுத்துப் பார்த்துட்டேன். ஒண்ணு கத்துது, இல்லேன்னா நின்னுபோகுது" என்றார். பானெட்டைத் திறந்தோம். உள்ளே உட்கார்ந்திருந்தது எஸ்யூ. அந்த எஸ்யூவில் ஒன்றரை சுற்று எடுக்கக் கலவைத் திருகே கிடையாது. தம்பி மூன்று வாரமாகப் போராடிக்கொண்டிருந்தது ஐடில் வேகத்தை வைக்கும் திருகோடு. வீடியோவில் காட்டியது சோலெக்ஸ்.

அதனால்தான் இந்த அத்தியாயத்தில் ஸ்க்ரூ டிரைவர் கடைசியில் வருகிறது. முதலில் என்ன கார்ப்ரேட்டர் என்று தெரிய வேண்டும். அடுத்து அது என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்த இரண்டும் தெரிந்த பிறகு திருகுவது கால் மணி நேர வேலை.

பிம்ப்ரியில் உட்கார்ந்து இதை எழுத எனக்கு இரண்டு வசதிகள் இருக்கின்றன. பக்கத்தில் போசரி எம்ஐடிசி. ஒரு பித்தளை புஷ்ஷை நூறில் ஒரு மில்லிமீட்டர் சுத்தமாகக் கடைந்து தரும் லேத் பட்டறைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. இன்னொன்று, பழைய மும்பை–புனே சாலை இந்த ஊருக்கு நடுவே போகிறது. கடல்மட்டத்திலிருந்து கண்டாலா மலையேறி இங்கே வந்து மூச்சு வாங்கும் பழைய ஃபியட்டுகளை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். அவற்றில் பாதிக்குச் சொந்தக்காரர் சொல்லும் நோய் ஒன்று, உண்மையான நோய் வேறொன்று.

யார் இது?

நம் நாட்டுப் பழைய கார்களில் எந்தக் காருக்கு எந்தக் கார்ப்ரேட்டர் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பட்டியல் தொழிற்சாலை வாசல் வரைக்கும்தான் செல்லும். குர்லாவில் செய்த ஃபியட் 1100, பிரீமியர் பத்மினி என்றால் பெரும்பாலும் சோலெக்ஸ் 32 பிபிஐசி. சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் செய்த ஹெரால்டும் சோலெக்ஸ் குடும்பம்தான். 1489 சிசி எஞ்சின் அம்பாசிடர் பலவற்றில் எஸ்யூ. பழைய வில்லிஸ் ஜீப் கார்ட்டரோடு வந்தது. இங்கே ஓடி ஓடி அதுவும் சோலெக்ஸுக்கு மாறியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் கதையே வேறு. மிகுனி கார்ப்ரேட்டர் கையில் கிடைத்ததும், மைலேஜ் கூடும் என்று மெக்கானிக்குகள் அதை பத்மினியிலும் ஜீப்பிலும் அடாப்டர் தகடு வைத்துப் பூட்டினார்கள். ஆகவே பானெட்டின் மேல் உள்ள பெயரை நம்பாமல் உள்ளே இருப்பதைப் பாருங்கள்.

தூரத்திலிருந்தே அடையாளம் தெரிவது எஸ்யூ. கோயில் மணியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு குவிமாடம், அதன் உச்சியில் கையால் திருகி எடுக்கும் ஒரு மூடி, மூடியோடு சேர்ந்து வரும் ஒரு தண்டு. பெட்ரோல் கிண்ணம் பக்கவாட்டில் தனியாக நிற்கும். அந்தக் கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு நைலான் குழாய் ஜெட்டுக்குப் போனால் அது ஹெச்எஸ் வகை. குழாய் இல்லாமல் கிண்ணமே ஜெட் பகுதியோடு போல்ட்டால் இறுகியிருந்தால் அதற்கு முந்தைய ஹெச் வகை. ஹெச்எஸ்ஸுக்குப் பின்னால் வரும் எண், ஒரு அங்குலத்துக்கு மேல் எத்தனை எட்டில் ஒரு பங்கு என்பதைச் சொல்கிறது. ஹெச்எஸ் 2 என்றால் வாய் ஒன்றேகால் அங்குலம், ஹெச்எஸ் 4 என்றால் ஒன்றரை. இதைத் தெரிந்துகொண்டால் ஸ்கேலே போதும். எஸ்யூ என்பது ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம். ஸ்கின்னர் சகோதரர்கள் லண்டன் செருப்பு வியாபாரக் குடும்பம். முதலில் செய்தபோது குவிமாடத்துக்குள் இன்றைய உலோகப் பிஸ்டன் இல்லை, தோல் துருத்திதான் இருந்தது. கையில் இருந்த சரக்கை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

இதே போலக் குவிமாடம் இருந்தும், மூடியைக் கழற்றினால் உள்ளே கறுப்பு ரப்பர் சவ்வு தெரிகிறதா? அது ஸ்ட்ராம்பர்க். இறக்குமதியான டிரையம்ப் போன்றவற்றில் பார்க்கலாம். சவ்வு கிழிந்திருந்தால் எத்தனை திருகினாலும் வண்டி வேகம் எடுக்காது.

சோலெக்ஸ் 32 பிபிஐசிக்குக் குவிமாடம் கிடையாது. காற்று மேலிருந்து கீழே இறங்கும். உடம்பிலேயே "சோலெக்ஸ்" என்று வார்ப்பில் இருக்கும். நம் நாட்டுச் சரக்கு என்றால் "மேட் இன் இந்தியா" என்றும். 32 என்பது கீழ்த்தட்டு இருக்கும் வாயின் விட்டம், மில்லிமீட்டரில். இன்னொரு நிச்சயமான அடையாளம்: சோக் கேபிள் எங்கே போகிறது என்று பாருங்கள். மேல்வாயை மூடும் தட்டு இருக்காது. கேபிள் பக்கவாட்டில் உள்ள ஒரு வட்டத் தகட்டைச் சுழற்றும். அது குளிர்ந்த எஞ்சினுக்கு என்றே உள்ள குட்டிக் கார்ப்ரேட்டர். மேல்வாயில் தட்டு இருந்தால் உங்களிடம் இருப்பது வேறு.

இந்தச் சோலெக்ஸ்களில் பல நம்ம ஊர்க்காரர்கள். சென்னையில் கார்ப்ரேட்டர்ஸ் லிமிடெட் என்ற நிறுவனம் சோலெக்ஸ் செய்துவந்தது. அதுவும் ஜப்பானின் மிகுனியும் சேர்ந்து 1985இல் தொடங்கியதுதான் யூகால். புனேயில் உள்ளவர்கள் ஜூனா பஜாரில் புதன், ஞாயிறு தேடுவதைத் தமிழ்நாட்டுக்காரர்கள் புதுப்பேட்டையில் என்றைக்கும் தேடலாம். என் அனுபவத்தில் புதுப்பேட்டையில்தான் கிடைக்கும், அதுவும் பேரம் பேசத் தெரிந்தால்.

பழைய சரக்கு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மும்பை பத்மினி டாக்சிகள் சிஎன்ஜிக்கு மாறியபோது எரிவாயுக் குழாய்க்காகப் பல கார்ப்ரேட்டர்களின் கழுத்தில் துளை போட்டார்கள். பின்னால் அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்து, பெயின்ட் அடித்து விற்பார்கள். விரலை உள்ளே விட்டு வழவழப்பான சுவரில் ஒரு மேடு தட்டுப்படுகிறதா என்று தடவுங்கள். தட்டுப்பட்டால் வைத்துவிட்டு நடங்கள்.

வெபர் இரட்டை வாய், கிடைமட்டமாகப் படுத்திருப்பது, "40 டிசிஓஇ" போன்ற எண் பொறித்தது. சோழவரத்தில் பந்தயம் ஓட்டிய காலத்தில் வண்டியை முடுக்கிவிட ஆசைப்பட்டவர்களின் பரம்பரைச் சொத்து. அது தெருவண்டிக்கு வேண்டாம், அதைப் பற்றி இங்கே எழுதப் போவதும் இல்லை. அமெரிக்கக் கார்க்காரர்களும் மன்னிக்க வேண்டும். அவர்களுக்குத் தனி அத்தியாயம் வருகிறது.

50 வயது தாண்டிய காரை, 2021 ஜூலையில் வந்த விதியின்படி விண்டேஜ் வண்டியாகப் பதிய நினைப்பவர் அசல் கார்ப்ரேட்டரைத் தூக்கிப்போட வேண்டாம். தினமும் மிகுனியில் ஓட்டினாலும் அசலைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள்.

எண் ஒன்று, துளை வேறு

சோலெக்ஸின் ஒவ்வொரு ஜெட்டிலும் ஒரு எண் பொறித்திருக்கும். மெயின் ஜெட்டில் 120 என்றால் துளை 1.20 மில்லிமீட்டர். இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் ஏமாறுகிறோம்.

என் பத்மினி ஒரு காலத்தில் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. சைலன்சர் வாயில் விரலை வைத்தால் மை போலக் கரி. ஜெட்டைக் கழற்றிப் பார்த்தேன், புத்தகத்தில் உள்ள எண்தான். மிதவையை மாற்றினேன், நீடில் மாற்றினேன், பலனில்லை. ஒரு நாள் ராத்திரி மேஜை விளக்கை இழுத்து வைத்து, டூல்ரூமில் வேலை செய்த நாட்களிலிருந்து வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸில் அந்த ஜெட்டைப் பார்த்தேன். துளை வட்டமாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் சிறு பள்ளம், அதன் ஓரத்தில் பித்தளை பளபளவென்று தெரிந்தது. பின் கேஜ் எடுத்து விட்டேன். 1.20 தடையில்லாமல் போனது. 1.25 போனது. 1.28 கொஞ்சம் உரசிக்கொண்டு போனது. எனக்கு முன்னால் யாரோ ஒரு மகராசன் அடைப்பு எடுக்க ஸ்டீல் கம்பியை விட்டுக் குடைந்திருக்கிறார். எண் மட்டும் அப்படியே இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.20 துளை 1.28 ஆனால் பரப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடுகிறது. அதை எந்தத் திருகும் சரிசெய்யாது.

அதனால், கம்பி வேண்டாம், ஊசி வேண்டாம், ஸ்டவ் பின் வேண்டவே வேண்டாம். கார்ப்ரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, அப்படியும் போகாவிட்டால் பல்துலக்கும் பிரஷ்ஷின் ஒரே ஒரு நைலான் இழையால் தள்ளுங்கள். இங்குள்ள மெக்கானிக்குகள் வண்டி இழுத்தாலே "கச்ரா ஆலா" என்பார்கள், குப்பை வந்துவிட்டதாம். பாதி நேரம் குப்பை வந்தது உண்மை. அதை எடுத்த விதத்தில்தான் நிரந்தர நோய் வருகிறது.

எஸ்யூவில் ஜெட்டை விட ஊசியே பேசும். பிஸ்டனின் அடியில் தொங்கும் அந்தக் கூம்பு ஊசியின் தலைப்பகுதியில் எழுத்துக் குறி பொறித்திருக்கும். பக்கத்துத் திருகைத் தளர்த்தி இழுத்தால் தெரியும். கிண்ண மூடியில் சிறிய அலுமினியத் தகடு ஒன்றும் இருந்திருக்க வேண்டும், அதில் உள்ள எண் எந்தக் காருக்குச் செய்தது என்று சொல்லும். நான் பார்த்த பத்து எஸ்யூவில் ஒன்பதில் தகடு இல்லை. தகடு இருந்தால் அதைக் கழற்றித் தொலைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கழற்றியபின் பார்க்க வேண்டியவை

வெளியில் வைத்துக் கழற்றுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் பவுடர் தீயணைப்பானும் இருக்கட்டும். பேட்டரி கம்பியை முதலில் எடுங்கள்.

முதல் சோதனை, த்ராட்டில் தண்டு. தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். கையில் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் அந்த இடைவெளி வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலிங் ஒரு நாள் நிற்கும், மறுநாள் நிற்காது. இதற்குத்தான் போசரி. உடம்பின் துளையைப் பெரிதாக்கி வெண்கல புஷ் அடித்து, தண்டையும் புதிதாகக் கடைந்து போட்டால் இன்னொரு முப்பது வருடம் ஓடும். கார்ப்ரேட்டர் உடம்பு துத்தநாகக் கலவை, வேகமாக வெட்டினால் பிய்ந்துகொண்டு வரும் என்று லேத்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். "எனக்குத் தெரியாதா அண்ணா" என்பார். பரவாயில்லை, சொல்லுங்கள்.

இரண்டாவது, மேல்மூடி. பெட்ரோல் கசிகிறதே என்று வருடக்கணக்கில் இறுக்கி இறுக்கி ஓரங்கள் வில் போல வளைந்திருக்கும். கண்ணாடித் தட்டின் மேல் 400 எண் நீர்த்தாளை ஒட்டி, எட்டுப் போட்டது போல மெதுவாகத் தேய்த்தால் சமமாகும். புது பேக்கிங் போட்டு, மிதமாக மட்டும் இறுக்குங்கள்.

மூன்றாவது, மிதவை. பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை. கொதித்து இறக்கிய தண்ணீரில் முக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் அதிகம் வைத்தால் மிதவை கனத்து, மட்டம் ஏறிவிடும். சோலெக்ஸில் பெட்ரோல் மட்டத்தை நீடில் வால்வுக்கு அடியில் உள்ள வாஷரின் தடிமன்தான் நிர்ணயிக்கிறது. அந்த வாஷரைத் தொலைத்துவிட்டுக் கையில் கிடைத்த வேறொன்றைப் போடுவது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கும் தப்பு. எஸ்யூ ஹெச்எஸ்ஸில் நைலான் மிதவை என்றால், மூடியைத் தலைகீழாக வைத்தபோது மூடியின் தளத்துக்கும் மிதவைக்கும் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

எஸ்யூ பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். "டக்" என்று உலோகச் சத்தத்தோடு உட்கார வேண்டும். சத்தமில்லாமல் இறங்கினால் ஊசி ஜெட்டின் சுவரில் உரசுகிறது, ஜெட்டை மையப்படுத்த வேண்டும்.

பிளக்கும் பாயிண்டும் முதலில்

கார்ப்ரேட்டரைக் கையில் எடுக்கும் முன் டேப்பட், பாயிண்ட், கண்டன்சர், பிளக், டைமிங் எல்லாவற்றையும் சரிபார்த்தாக வேண்டும். 1489 சிசி அம்பாசிடருக்கு டேப்பட் 15 தௌ, பாயிண்ட் 14 முதல் 16 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மற்ற வண்டிக்காரர்கள் அவரவர் புத்தகத்தைப் பாருங்கள். ஒரு முறை ஒரு பட்டறையில் என் வண்டிக்கு நான்கு தடவை கார்ப்ரேட்டர் சுத்தம் செய்து நான்கு தடவையும் காசு வாங்கினார்கள். கடைசியில் பழுது கண்டன்சரில். அன்றைக்கு ஐம்பது ரூபாய்ச் சாமான்.

எஞ்சின் உறிஞ்சுவதை அளக்கும் வேக்வம் கேஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புத்தகங்களில் 18 முதல் 20 அங்குலம் நல்ல எஞ்சின் என்று எழுதியிருக்கும். அது கடல்மட்டத்துக் கணக்கு. பிம்ப்ரி கிட்டத்தட்ட 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் குறையும் என்பதால் இங்கே 16 முதல் 18 காட்டினாலே எஞ்சின் ஆரோக்கியம். இது தெரியாமல் ரிங் போய்விட்டது என்று எஞ்சினை இறக்கியவரை எனக்குத் தெரியும்.

காற்றும் பெட்ரோலும் மாறிவிட்டன

இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட 5 முதல் 6 சதவீதம் குறைவு. கார்ப்ரேட்டர் காற்றின் எடையை அளப்பதில்லை. காற்று இழுக்கும் இழுப்பைத்தான் அளக்கிறது. அதனால் காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. கணக்கின்படி கலவை அதில் பாதி அளவு, சுமார் 3 சதவீதம், கொழுக்கும். மும்பையில் சரியாக வைத்த வண்டி இங்கே வந்ததும் கொஞ்சம் கரி கக்குவது இதனால்தான்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் இன்றைய பெட்ரோல். 2023இல் இறங்கத் தொடங்கி 2025க்குள் நாடு முழுதும் வந்துவிட்ட இ20இல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலந்தால் 13.5 அருகே வருகிறது. அதாவது, சுத்தப் பெட்ரோலுக்கு என்று துளையிட்ட அதே ஜெட் இ20இல் சுமார் 8 சதவீதம் மெலிந்த கலவையைத் தருகிறது. வண்டி சூடாகும், காலை வைத்ததும் தயங்கும், சில சமயம் கார்ப்ரேட்டர் வழியே "பட்" என்று தும்மும்.

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிம்ப்ரியில் உயரம் 3 சதவீதம் கொழுக்க வைக்கிறது, எத்தனால் 8 சதவீதம் மெலிய வைக்கிறது. நிகரம் 5 சதவீத மெலிவு. எடுத்துக்காட்டுக்கு, புத்தகம் 120 மெயின் ஜெட் சொன்னால் 122.5 போட்டால் 4 சதவீதம் ஏறுகிறது. இங்கே அது போதும். அதே கார் சென்னையில் இருந்தால் உயரத்தின் உதவி கிடையாது. 125 வேண்டும், அது எட்டரை சதவீதம். ஊட்டிக்காரருக்கு 2,240 மீட்டர் உயரமே 10 சதவீதம் வரை கொழுப்பைக் கொடுத்துவிடுகிறது. அவர் புத்தகத்தில் உள்ள ஜெட்டையே வைத்துக்கொள்ளலாம். ஆகவே சென்னை நண்பர் சொன்ன ஜெட் எண்ணை அப்படியே இங்கே போடாதீர்கள், இந்தப் புத்தகத்தில் நான் சொல்வதையும் கொடைக்கானலில் போடாதீர்கள்.

எத்தனாலுக்கு இன்னொரு குணம், பழைய ரப்பரையும் கார்க்கையும் தின்னும், ஈரத்தை இழுக்கும். சோலெக்ஸின் பம்ப் சவ்வு, பெட்ரோல் குழாய், பேக்கிங் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் துத்தநாகச் சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும்.

சோலெக்ஸைத் திருகுவது

எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வருவது உத்தமம், நின்ற இடத்தில் சூடாக்குவது போதாது. சோக் முழுதும் உள்ளே போயிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

கீழ்ப்பகுதியில் ஸ்பிரிங்கோடு இருக்கும் கூர்முனைத் திருகுதான் கலவைத் திருகு. த்ராட்டில் நெம்புகோலில் முட்டுவது வேகத் திருகு. எஞ்சினை நிறுத்தி, கலவைத் திருகை விரலால் மெதுவாக உள்ளே முட்டும் வரை திருகுங்கள். இறுக்கினால் கூர்முனையில் வளையம் விழுந்து திருகே வீணாகும். அங்கிருந்து ஒன்றரை சுற்று வெளியே. வீடியோ தம்பி சொன்ன ஒன்றரை இதுதான். இது தொடங்கும் இடம், முடியும் இடம் இல்லை.

ஸ்டார்ட் செய்து வேகத் திருகால் கொஞ்சம் வேகமாக ஓடும்படி வையுங்கள். இப்போது கலவைத் திருகைக் கால் சுற்று வெளியே எடுத்து, ஐந்து விநாடி காத்திருந்து, காதால் கேளுங்கள். வெளியே எடுத்தால் கொழுக்கும், உள்ளே விட்டால் மெலியும். வேகம் ஏறுகிற திசையில் போங்கள். ஏறுவது நின்று கடகடவென்று உருளத் தொடங்கினால் அது கொழுப்பு, திரும்புங்கள். உச்சியைக் கண்டதும் வேகத் திருகைத் தளர்த்தி நிமிடத்துக்கு 700 சுற்று அளவுக்கு இறக்குங்கள். மறுபடி கலவை, மறுபடி வேகம். இரண்டு மூன்று தடவையில் முடிந்துவிடும். எத்தனை திருகினாலும் எஞ்சினுக்கு உறைக்கவில்லை என்றால் ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது எங்கேயோ காற்று புகுகிறது.

எஸ்யூ, காரைக்குடித் தம்பியின் வண்டி

முதலில் உச்சி மூடியைத் திறந்து எண்ணெய் பாருங்கள். தம்பியின் வண்டியில் தையல் மெஷின் எண்ணெய் இருந்தது. காலை அழுத்தினால் பிஸ்டன் சட்டென்று எகிறி, கலவை மெலிந்து வண்டி திக்கும். 20 எண் எஞ்சின் எண்ணெய், அது கிடைக்காவிட்டால் 20-50, உள்ளே உள்ள குழல் தண்டின் மேல்மட்டத்துக்கு அரை அங்குலம் மேல் வரை. அதிகமாக ஊற்றினால் ஒன்றும் கெடாது, எஞ்சின் குடித்துவிடும்.

பிறகு அடியில் போங்கள். ஜெட்டுக்குக் கீழே ஆறு முக நட்டு. சோக் இழுத்தால் ஜெட் கீழே இறங்கி வரும். விட்டதும் மேலே திரும்ப வேண்டும். நம் ஊர்த் தூசியில் பல ஜெட்டுகள் திரும்புவதில்லை. சொந்தக்காரர் மாதக்கணக்கில் பாதி சோக்கில் ஓட்டிக்கொண்டிருப்பார். கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள், மேலேறினால் அதுதான் நோய்.

நட்டை மேலே முழுதும் ஏற்றி, பின் இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு முகம், கீழே இறக்குங்கள். கீழே இறக்கினால் கொழுப்பு, மேலே ஏற்றினால் மெலிவு. எஞ்சின் சூடானதும் ஓடவிட்டு, பக்கத்தில் உள்ள தூக்கும் ஊசியால், அது இல்லாவிட்டால் சின்ன ஸ்க்ரூ டிரைவரால், பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் கொழுப்பு. உடனே தடுமாறினால், அணைந்தால், மெலிவு. லேசாக ஏறி மறுபடி அமர்ந்தால் சரி. ஒரு நேரத்தில் ஒரு முகம் மட்டும் திருகுங்கள். தம்பியின் வண்டிக்குப் பதினான்கு முகத்தில் அமர்ந்தது.

சாலையில்

ஐடிலிங் அழகாக இருப்பதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. மெயின் ஜெட்டுக்குச் சாலைதான் பரீட்சை. ஞாயிறு விடியலில் நிக்டியைத் தாண்டி தேஹு ரோடு பக்கம் கூட்டமில்லாத நீளம் கிடைக்கும். நான்காம் கியரில் அரைக்கு மேல் மிதித்து ஒரு கிலோமீட்டர் ஓட்டி, அப்படியே கிளட்சை மிதித்து எஞ்சினை அணைத்து ஓரமாக நிறுத்துங்கள். சாவியை அணைத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் இளம் பழுப்பு, பிஸ்கட் நிறம் என்றால் நிம்மதி. கரி படிந்திருந்தால் கொழுப்பு. சுண்ணாம்பு வெளுப்பு என்றால் மெலிவு. அப்படியே லோனாவ்லா ஏறினால் பிஸ்டனுக்கு ஆபத்து. இ20இல் நிறம் முன்பு போலத் தெளிவாகப் பிடிப்பதில்லை, அதனால் இரண்டு மூன்று தடவை பாருங்கள்.

இன்னொரு சோதனை கிட்டத்தட்ட இலவசம், ஆனால் யாரும் பயன்படுத்துவதில்லை. பியூசி எடுக்கப் போகும்போது சான்றிதழை மடித்துப் பையில் போடாமல் அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு எண்ணைப் படியுங்கள். பழைய பெட்ரோல் கார்களுக்கு வரம்பு 3 சதவீதம். 2 அருகே இருந்தால் ஐடில் கலவை நன்றாக இருக்கிறது. அரை சதவீதம் காட்டினால், நல்ல மதிப்பெண் என்று மகிழாமல், மெலிந்துவிட்டதா, காற்று புகுகிறதா என்று பாருங்கள். மையத்துப் பையனிடம் சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் இருப்பா" என்று அங்கேயே அரை முகம் திருகி மறுபடி அளக்கச் சொல்லலாம். இருபதாயிரம் ரூபாய்க் கருவியின் வேலையை ஒரு சாயா செய்துவிடுகிறது.

மலைப்பாதையில் வெயில் நாளில் வண்டி நின்றால் உடனே கார்ப்ரேட்டரைத் திறக்காதீர்கள். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டிருக்கும். கண்டாலா ஏறிய பழைய டிரைவர்கள் வைத்திருந்த அதே மருந்துதான்: பம்பின் மேல் ஈரத்துணி, கால் மணி நேரம் நிழல்.

வைத்து முடித்ததும் ஜெட் எண்கள், ஊசிக் குறி, எத்தனை முகம், எத்தனை சுற்று, எந்த ஊர், எந்த மாதம் என்று ஒரு அட்டையில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். தம்பி அப்படித்தான் ஒட்டினார். பொங்கலுக்குக் காரைக்குடிக்கு ஓட்டியே போவதாகச் சொன்னார். ஊர் இறங்க இறங்கக் காற்று கனக்கும், கலவை மெலியும். அங்கே போனதும் நட்டை ஒரு முகம் கீழே இறக்கி, பிஸ்டனைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். டேஷ்போர்டில் அதற்கான ஸ்பேனரை வைத்தாயிற்று. திரும்பி வந்ததும் மறக்காமல் அந்த ஒரு முகத்தை மேலே ஏற்ற வேண்டும் என்று அட்டையின் அடியில் சிவப்பு மையில் அவரே எழுதிக்கொண்டார்.